பார்க்கலாம், எழுதக்கூடாது

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் மெட்டில்டா டீச்சர் பேசிய பேச்சுக்கு நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. கோத்தகிரி வாசகி ஒருவர், "அந்த மாமியாரை அடுத்த அத்தியாயத்தில் படியில் உருட்டி விடுங்கள்" என்றே எழுதிவிட்டார். அம்மா, இந்தக் கதை நடக்கிற ஜெகதளாவில் எந்த வீட்டுக்குப் போனாலும் படியேறித்தான் போகவேண்டும். அதற்காக ஓய்வு பெற்ற ஒரு டீச்சரை உருட்டிவிட எனக்கு மனசு வராது. கொஞ்சம் பொறுங்கள்.

போன வாரத்தை விட்டுவிட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருச்சபையில் அறுப்பின் பண்டிகைக்குப் பாட்டுப் பயிற்சி நடந்தது. கொயர் என்கிற பாடகர் குழுவுக்குத் தலைவி மெட்டில்டா டீச்சர். அவருடைய புது மருமகள் எல்சா, "இந்தப் பாட்டுக்கு ரெண்டாவது குரல் ஒண்ணு சேத்தா நல்லா இருக்குமல்லே?" என்று ஆசையாகக் கேட்டாள். "என்ர பாட்டுல யாரும் கை வெக்க வேண்டாம்" என்று மொத்தக் கொயரும் கேட்கும்படி சொல்லிவிட்டார் டீச்சர்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும், சாப்பாடு ஆயிற்றா, துணி காய்ந்ததா என்பதைத் தாண்டி எதுவும் பேசிக்கொள்ளவில்லை. சமாதானம் செய்துவைக்க வேண்டிய மகன் ஜாபேஸ் கோயமுத்தூரில் கம்பெனி வேலையில் இருந்தான். அவன் திங்கட்கிழமை மலை இறங்கினால் வெள்ளிக்கிழமைதான் ஏறுவான்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை இது.

காலையில் எல்சா தன் மேசையில் உட்கார்ந்து ஒரு தேன் பாட்டிலுக்கு லேபிள் வரைந்துகொண்டிருந்தாள். வீட்டிலிருந்தபடியே லேபிள், அழைப்பிதழ் எல்லாம் வடிவமைத்துக் கொடுப்பது அவள் தொழில். கையில் டீ டம்ளரோடு மெட்டில்டா வந்து நின்றார். டீயைக் கீழே வைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த தேயிலைச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்சா."

"சொல்லுங்க அத்தை."

"நீ சொன்ன ரெண்டாவது குரல் இருக்குதல்ல, அத நேத்து துணி மடிக்கறப்பப் பாடிப் பாத்தேன்."

எல்சாவின் கை மௌஸின் மேலேயே நின்றுவிட்டது.

"நல்லாத்தான் இருக்குது. பாட்டுப் புஸ்தகம் பொட்டில இருக்குது. நீயே தொறந்து உன்ர வரியச் சேத்திப்போடு. அஞ்சு மணிக்குக் கொயர் வருது, டிவில போட்டுப் பாடிரலாம்."

டீயை வைத்துவிட்டு விறுவிறுவென்று சமையல்கட்டுக்குப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர் அவர். பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் மன்னிப்பை வாங்கித்தான் பழக்கம். அந்த டம்ளர் டீ எதற்கு வந்தது என்பது எல்சாவுக்குப் புரிந்தது. ஆறிப்போயிருந்தாலும் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

பொட்டி என்று மெட்டில்டா சொன்னது, ஹாலில் வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கறுப்பு டப்பாவை. ஜாபேஸ் வாங்கி வைத்தது. குடும்பத்துப் போட்டோ, கல்யாண வீடியோ, கொயர்ப் பாட்டு எல்லாம் அதற்குள்தான். வீட்டிலுள்ள எந்த லேப்டாப்பிலிருந்தும் அதைத் திறக்கலாம். போனிலிருந்தும் திறக்கலாம், டிவியிலும் போடலாம். குடும்பத்துக்கே பொதுவான ஒரு பீரோ என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எல்சா பாட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். ஒவ்வொரு பாட்டுக்கும் வரிகள் பெரிய எழுத்தில் இருந்தன, கூடவே மெட்டில்டாவின் குரலும் பதிவாகியிருந்தது. பண்டிகைக்கான நன்றிப் பாட்டுக்குக் கீழே தன் வரிகளைப் பச்சை நிறத்தில் சேர்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டு தன் குரலைப் பதிவு செய்தாள். மூன்று தடவை இருமல் வந்து கெடுத்தது. நாலாவது தடவை அவளுக்கே பிடித்துப்போனது.

பிறகு சேமிப்பதற்கான பொத்தானை அழுத்தினாள்.

இந்த இடத்தில் சேமிக்க உங்களுக்கு அனுமதி இல்லை என்றது லேப்டாப்.

மறுபடி அழுத்தினாள். அதே பதில்தான் வந்தது. அதே இடத்தில் ஒரு புது ஃபோல்டர் உண்டாக்கிப் பார்த்தாள், அதற்கும் அனுமதி இல்லை. கல்யாணப் போட்டோவில் தன் கண் மூடியிருந்த ஒன்றை அழித்துப் பார்த்தாள். அதையும் அழிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது, ஒன்றையும் தொட முடியவில்லை.

காலையில் குடித்த டீ அவளுக்கு இப்போது கசந்தது. வாயால் அனுமதி கொடுத்துவிட்டுக் கையால் பூட்டி வைத்திருக்கிறாரா இந்த அத்தை?

ஹாலில் மாமனார் பவுல்ராஜ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் அவர். இன்றைக்கு அவருக்கு ஆஃப். எல்சா லேப்டாப்போடு போய் நின்றாள்.

"மாமா, பொட்டியில ஒண்ணும் சேமிக்க விடமாட்டேங்குது."

"அணைச்சுப் போட்டு மறுபடி போடு கண்ணு."

ஃபேக்டரியில் ரோலர் நின்றாலும் டிரையர் நின்றாலும் பவுல்ராஜுக்குத் தெரிந்த முதல் வைத்தியம் இதுதான். அவரே எழுந்துபோய்ப் பொட்டியின் வயரைப் பிடுங்கினார். கொஞ்ச நேரம் அதன் தலையில் கை வைத்து நின்றுவிட்டுத் திரும்பவும் செருகினார். பொட்டி விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு எழுந்தது. எல்சா அழுத்தினாள். அனுமதி இல்லை.

"அப்ப உடு. பென் டிரைவ்ல போட்டு நேரா டிவில சொருகிரு. வேலை முடிஞ்சுது."

நல்ல யோசனைதான். நீங்களும் நானும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் எல்சாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாமா, வெளியாளுங்க பென் டிரைவ்ல கொண்டு வரலாம். இந்த வீட்டுக்குள்ள இருக்கற ஒரு டப்பாவுக்கு நான் ஏன் வெளிய இருந்து கொண்டு வரணும்? எனக்கு இதில எழுத அனுமதி இல்லைன்னா, அது ஏன்னு எனக்குத் தெரியணும்."

பவுல்ராஜ் பேப்பரை மடித்து வைத்தார். இது வயரைப் பிடுங்கித் தீர்கிற கோளாறு இல்லை என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

சமையல்கட்டு வாசலில் மெட்டில்டா நின்றிருந்தார். கையில் பாதி நறுக்கிய பீன்ஸ்.

"என்ன, நான் பூட்டி வெச்சிருக்கேன்னு சொல்றயா?"

"நான் அப்படிச் சொல்லல அத்தை."

"சொல்லல. நெனச்சே."

"போன வாரம் நீங்கதானே சொன்னீங்க, யாரும் கை வெக்க வேண்டாம்னு?"

"சொன்னேன். கோவத்துல சொன்னேன். இன்னிக்குக் காலைல நானே வந்து சேத்துன்னும் சொன்னேன். ஏனுங்க, நீங்க சொல்லுங்க, அந்தப் பொட்டிக்குப் பூட்டு எங்க இருக்குதுன்னாவது எனக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றார் பவுல்ராஜ் அவசரமாக. மனைவி கேட்கும் கேள்விகளில் இது அவருக்கு நன்றாகவே பதில் தெரிந்த கேள்வி.

மெட்டில்டா பீன்ஸை அப்படியே டீப்பாய் மேல் வைத்துவிட்டுத் தன் லேப்டாப்பை எடுத்து வந்தார். பொட்டியைத் திறந்து ஏதோ இரண்டு எழுத்தைத் தட்டிச் சேமித்தார். மறுபேச்சில்லாமல் சேமித்துக்கொண்டது.

"எனக்கு ஆகுது," என்றார், குரல் இறங்கிப்போய். அதை நிரூபித்ததில் தன் பக்கம்தான் பலவீனமானது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. "வேணும்னா என்ர லேப்டாப்புலயே உன்ர வேலையப் பண்ணு."

"அப்பவும் அத்தை பேர்லதானே போகும்."

பவுல்ராஜ் போனை எடுத்து மகனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

ஜாபேஸ் மத்தியானமே லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறியிருந்தான். பஸ் கல்லாறைத் தாண்டி மலையேறத் தொடங்கியிருந்தது.

"பொட்டி வேலை செய்யலைங்களா? வயரைப் பிடுங்கி..."

"அதெல்லாம் ஆச்சு," என்றார் பவுல்ராஜ்.

"அப்பச் சரி, கேளுங்க. பொட்டிக்கு ரெண்டு பூட்டு இருக்குது. வெளிய கேட்டுல ஒண்ணு, உள்ள ரூம் கதவுல ஒண்ணு. ரெண்டும் தொறந்திருந்தாத்தான் எழுத முடியும். ஒண்ணு சாத்தியிருந்தாலும் ஆகாது. மொதல்ல கேட்டப் பாருங்க. அம்மா, அட்மின்னு ஒரு பேரு போட்டு உள்ள போங்க. பாஸ்வேர்ட் நம்ம நாய் பேரு."

"டைகரா?"

"அதுக்கு முந்தினது."

"ஜூலியா? செத்த நாய் பேரையா வெச்சிருக்கறே?"

"யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க இல்லீங்..." பஸ் வளைவில் திரும்பியது, சிக்னல் போய்விட்டது.

மெட்டில்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜூலியின் பேரைத் தட்டினார். கதவு திறந்தது. உள்ளே இரண்டு குழுக்கள் இருந்தன. ஜாபேஸ் தமிழிலேயே பேர் வைத்திருந்தான். ஒன்று 'ஊடு', அதாவது வீட்டு ஆட்கள்; இன்னொன்று 'வந்தவங்க'. ஊட்டில் இருப்பவர்கள் பார்க்கலாம், எழுதலாம். வந்தவர்கள் பார்க்க மட்டும் செய்யலாம்.

வகுப்பில் ஆஜர் எடுக்கிற குரலில் மெட்டில்டா படித்தார். "ஊடு. பவுல்ராஜ், மெட்டில்டா, ஜாபேஸ்." கொஞ்சம் நிறுத்தி, அடுத்ததைப் படித்தார். "வந்தவங்க. பிக்கட்டி சித்தப்பா. கேபிள் நஞ்சப்பன். பெயின்டர் ஸ்டெபின்..."

"ஸ்டெபினா?" என்றார் பவுல்ராஜ்.

"பெயின்ட் அடிக்கறப்பப் பாட்டு கேக்கோணும்னான், ஞாபகமில்லையா?" என்ற மெட்டில்டா அடுத்த பேரைப் படிக்கவில்லை. எல்சாதான் எட்டிப் பார்த்துப் படித்தாள்.

"எல்சா."

கல்யாணமாகிப் பெட்டியும் படுக்கையுமாக வந்திறங்கி மாசங்கள் ஆகிவிட்டன. இந்த வீட்டுச் சமையல்கட்டில் எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். கறுப்பு டப்பாவுக்கு மட்டும் அவளும் கேபிள் நஞ்சப்பனும் ஒன்று.

முதலில் வெடித்தவர் மெட்டில்டா.

"போனப் போடுங்க அவனுக்கு!"

பர்லியார் வளைவில் சிக்னல் கிடைத்தது.

"ஏண்டா ஜாபேஸு! தாலி கட்டிக் கூட்டிட்டு வந்தவள கேபிள்காரன் கூட உக்கார வெச்சிருக்கறயே, உனக்குப் புத்தி இருக்குதா?"

"அம்மா, மெதுவாப் பேசுங்க, பஸ்ல எல்லாருக்கும் கேக்குது."

"கேக்கட்டும்! பஸ்ஸ நிறுத்தச் சொல்லிக் கேக்கட்டும்!"

ஜாபேஸ் தடுமாறித் தடுமாறிச் சொன்னான். நிச்சயத்துக்கு முன்னால், எல்சா வீட்டார் தேவாலாவிலிருந்து பெண் வீட்டு முறைக்கு வீடு பார்க்க வந்திருந்தார்கள். பழைய போட்டோக்களைக் காட்டுவதற்காக எல்சாவின் லேப்டாப்பில் அன்றைக்கு அவள் பேரை வந்தவங்க குழுவில் போட்டுக் கொடுத்தான். லேப்டாப் அதை ஞாபகம் வைத்துக்கொண்டது. கல்யாணத்துக்குப் பிறகு மாற்ற வேண்டும் என்பது இவனுக்குத்தான் ஞாபகம் வரவில்லை.

"சாரி எல்சா. சத்தியமா மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா, இல்ல நான் திரும்பிப் போயிருவேன்னு நெனச்சீங்களா?" என்றாள் எல்சா. பஸ்ஸில் யாரோ ஒரு அம்மாள் "நல்லாக் கேளு பாப்பா!" என்று சொன்னது ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. பவுல்ராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எல்சாவுக்கும் வந்த அழுகை பாதி வழியிலேயே சிரிப்பாக மாறிவிட்டது.

மெட்டில்டா மட்டும் சிரிக்கவில்லை. எல்சாவின் பேரை விரல் நுனியால் பிடித்து இழுத்து ஊட்டுக்குள் போட்டார். இழுக்கும்போது அது ஒரு தடவை நழுவிப் பழைய இடத்துக்கே போய்விட்டது. "வா சாமி, வா" என்று மறுபடி இழுத்து வந்து, தன் பேருக்குக் கீழே வைத்துச் சேமித்தார்.

எல்சா அழுத்தினாள். அனுமதி இல்லை.

"அவ லேப்டாப்பு பழைய பேர்லயே உள்ள உக்காந்திருக்கும்," என்றான் ஜாபேஸ். "வெளிய வந்துட்டு மறுபடி உள்ள போகச் சொல்லுங்க. அப்பத்தான் புதுசா..." அடுத்த வளைவு அவன் பேச்சை விழுங்கிவிட்டது.

எல்சா வெளியே வந்து, மறுபடி பேரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போனாள். ஒரு புது ஃபோல்டர் உண்டாக்கினாள். வந்துவிட்டது! அதற்கு 'எல்சா' என்று பேர் வைத்தாள். கண் மூடியிருந்த கல்யாணப் போட்டோவை அழித்தாள், அதுவும் போய்விட்டது. பவுல்ராஜ் கை தட்டினார்.

கடைசியாகப் பாட்டுப் புத்தகம். தன் பச்சை வரிகளோடு அதைச் சேமிக்க அழுத்தினாள்.

அனுமதி இல்லை.

கை தட்டல் நின்றது. எல்சா அந்த ஃபைலின் விவரத்தைத் திறந்தாள். உள்பூட்டு அங்கேதான் இருந்தது. பார்க்கலாம்: எல்லாரும். எழுதலாம்: மெட்டில்டா.

வேறு ஒரு பேரும் இல்லை.

"எனக்கு ஃபேக்டரில ஒரு சின்ன வேலை..." என்று எழுந்தார் பவுல்ராஜ்.

"உக்காருங்க," என்றார் மெட்டில்டா. உட்கார்ந்துவிட்டார்.

"எல்சா, நான் பூட்டல."

"அத்தை பேருதான் இருக்கு."

"இருக்குது. என்ர கண்ணுக்கும் தெரியுது. ஆனா நான் பூட்டல. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாது."

வகுப்பில் ஒரு குழந்தை இப்படிச் சொன்னால் மெட்டில்டா டீச்சர் நம்பியிருப்பாரா என்பது சந்தேகம்தான். இப்போது அவர் முகம் அந்தக் குழந்தையின் முகமாக இருந்தது. எல்சா அந்த முகத்தையும் பார்த்தாள், திரையையும் பார்த்தாள். திரையை நம்புவது ரொம்பச் சுலபம். ஒரு வாரமாக மனசில் இருந்த கோபத்துக்கும் அது சௌகரியம். ஆனால் காலையில் டீயோடு வந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்குது" என்று சொன்ன மனுஷி பொய்யாக அதைச் சொல்லியிருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. நம்பிப் பார்ப்போமே என்று முடிவு செய்தாள்.

"அத்தை, இந்தப் புஸ்தகத்தை இங்க எப்படிக் கொண்டு வந்து போட்டீங்க?"

"எப்பவும் போலத்தான். பொட்டிக்குள்ள எனக்குன்னு ஒரு ரூமு இருக்குதல்ல, அதுல இருந்து வெட்டி எடுத்து இங்க ஒட்டினேன்."

"காப்பி எடுக்கலையா?"

"காப்பியா! கொயர்ப் பாட்ட நான் காப்பியே எடுக்க மாட்டேன். ஒரு பண்டிகைல ஒரே பாட்டு ரெண்டு இடத்துல இருந்து, பாதிப்பேரு பழைய மெட்டுலயும் பாதிப்பேரு புது மெட்டுலயும் பாடி, சபை ஐயர் எந்திரிச்சு ஜெபத்த ஆரம்பிச்சுட்டாரு. அன்னிக்கு முடிவு பண்ணுனேன். ஒரு பாட்டு ஒரு இடத்துலதான் இருக்கோணும்."

"உங்க ரூம்ல யாரு எழுதலாம்?"

"நான் மட்டும்தான். இவரு ஒருக்கா என்ர பாட்டையெல்லாம் அழிச்சுப் போட்டாரு. அப்ப ஜாபேஸ் அப்படிப் பண்ணிக் குடுத்தான்."

பவுல்ராஜ் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

எல்சாவுக்குப் பொறி தட்டியது. "அத்தை, உங்க ரூம்ல இருந்து தேவையில்லாத ரெண்டு ஃபைல் எடுங்க. ஒண்ணை வெட்டி இங்க ஒட்டுங்க. இன்னொண்ணை காப்பி எடுத்து ஒட்டுங்க. கொயர்ப் பாட்டு வேண்டாம்."

காப்பி எடுக்கும்போது மெட்டில்டாவின் விரல் கொஞ்சம் தயங்கியது. இருந்தாலும் எடுத்தார். மீன் குழம்புக் குறிப்பு ஒன்று, பல்வலிக்கு மருந்து ஒன்று. மீன் குழம்பை வெட்டி ஒட்டினார். பல்வலியைக் காப்பி எடுத்து ஒட்டினார்.

எல்சா தன் லேப்டாப்பில் பல்வலியைத் திறந்து ஒரு வரி சேர்த்துச் சேமித்தாள். சேமித்துக்கொண்டது. மீன் குழம்பைத் திறந்து ஒரு வரி சேர்த்தாள். அனுமதி இல்லை. விவரத்தைப் பார்த்தாள். எழுதலாம்: மெட்டில்டா.

"எந்தா இது!" என்று தேவாலாப் பேச்சில் கூவிக்கொண்டு துள்ளி எழுந்தாள். "அத்தை, நீங்க பூட்டவே இல்ல! காப்பி எடுத்துப் போட்டா, புது ஃபைல் வந்த ரூமோட சட்டப்படி நடக்குது. வெட்டி எடுத்து ஒட்டினா, பழைய ரூமோட பூட்டையும் கூடவே தூக்கிட்டு வந்துருது. குடிபோகும்போது பழைய வீட்டுப் பூட்டையும் கழட்டிக்கிட்டுப் போற மாதிரி. அவ்வளவுதான்!"

மெட்டில்டா நாற்காலியில் சாய்ந்தார். "ஆண்டவரே," என்றார். பிறகு எல்சாவின் கையைப் பிடித்துக்கொண்டார், விடவேயில்லை. திரையை நம்பாமல் தன்னை நம்பினாளே என்று அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. அதைச் சொல்லத் தெரியாமல், "பீன்ஸு வாடிப்போகுது பாரு" என்றார்.

"வேற பேர்ல ஒரு காப்பி போட்டுருங்க, சீக்கிரம் முடியும்," என்றார் பவுல்ராஜ், நிம்மதியாக.

"கொயர்ப் பாட்டு ஒரு இடத்துலதான் இருக்கோணும்," என்று மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

ஃபைலின் சொந்தக்காரி மெட்டில்டா. ஆகவே உள்பூட்டை அவர்தான் திறக்க வேண்டும். தன் லேப்டாப்பில் விவரத்தைத் திறந்து, எல்சாவின் பேரைச் சேர்த்தார். அவள் என்னென்ன செய்யலாம் என்று கேட்டது திரை. பார்க்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா, மற்றவர்களுக்கு அனுமதி கொடுக்கலாமா?

"எழுத மட்டும் போதும் அத்தை."

மெட்டில்டா எல்லாக் கட்டங்களிலும் ஒவ்வொன்றாக டிக் போட்டார்.

"அழிக்கறதும் இருக்கட்டும். என்ர பாட்டுல நல்லா இல்லாதது இருந்தா நீயே எடுத்துப் போடு. எங்கிட்டக் கேக்க வேண்டாம்."

கொயர்த் தலைவியாக இத்தனை வருஷம் இருந்தவர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். எல்சா குனிந்து அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கோத்தகிரி வாசகிக்கு இப்போது திருப்தியா?

அஞ்சு மணிக்குக் கொயர் வந்தது. யூனிஸ், சுகந்தி, ஜெஸிந்தா, அவர்களுக்குப் பின்னால் ஸ்வெட்டரும் குல்லாவுமாக ஆண்கள். ஹாலில் உட்கார இடமில்லாமல் பாதிப்பேர் சமையல்கட்டு வாசல் வரைக்கும் நின்றார்கள். டிவியில் நன்றிப் பாட்டு வந்தது. கறுப்பு எழுத்தில் பழைய வரி, அதற்குக் கீழே பச்சை எழுத்தில் புது வரி.

"பச்சை யாரு டீச்சர்?" என்று கேட்டாள் யூனிஸ்.

"என்ர மருமக," என்றார் மெட்டில்டா. "பச்சை பாடறவங்க அவ கையப் பாருங்க. என்ர கையப் பாக்க வேண்டாம்."

முதல் தடவை தடுமாறினார்கள். இரண்டாம் தடவை இரண்டு குரலும் சேர்ந்தபோது, கீழ் வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து கேட்டார்கள். பவுல்ராஜுக்குச் சுருதியே சேராது, அவரும் பச்சையில் சேர்ந்துகொண்டார். அவரை யாரும் தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் நடக்கும் பண்டிகை ஏலத்தில் காரட்டும் கேக்கும் என்ன விலைக்குப் போனாலும் போகட்டும், இந்தப் பாட்டு ஒன்று போதும் என்று சுகந்தி சொன்னாள். எல்சா சிரித்த சிரிப்பில் அவளுடைய தெத்துப்பல் தெரிந்தது. அதை அவள் வழக்கமாகக் கையால் மறைப்பாள், அன்றைக்கு மறந்துவிட்டாள்.

கொயர் கிளம்பும் நேரத்தில் ஜாபேஸ் பையோடு உள்ளே நுழைந்தான். மன்னிப்புக் கேட்கும் முகத்தை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தான். வந்ததும் தன் போனில் பொட்டியைத் திறந்தான். நெற்றியைச் சுருக்கினான்.

"அம்மா, எனக்கு ஒண்ணும் சேமிக்க ஆக மாட்டேங்குது."

"பாக்க ஆகுதா?"

"ஆகுது."

"அப்பச் சரியாத்தான் இருக்குது," என்றார் மெட்டில்டா. "உன்ன வந்தவங்கள்ல போட்டிருக்குது, கேபிள் நஞ்சப்பனுக்குக் கீழ. பாஸ்வேர்டையும் மாத்தியாச்சு. எல்சாவுக்குத்தான் தெரியும்."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கொயர் முழுக்கச் சிரித்தது. ஜாபேஸும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். எல்சா அவனை அறைக்குள் கூப்பிட்டு, "ஒழுங்கா இருந்தா திங்கட்கிழமை யோசிக்கலாம்" என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தினான்.

"எல்சா, பஸ்ல வர்றப்ப உங்கப்பா போன் பண்ணினாரு. போன வாரம் நீ அழுதுட்டே கூப்பிட்டயாமே? இந்த ஊட்டுல இருக்க முடியல, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு?"

இதை எல்சா யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு ஆத்திரத்தில் சொன்னாள், மறுநாளே மறந்துபோனாள். தேவாலாவில் இருக்கிற அப்பா மறக்கவில்லை.

"நாளைக்குக் காலைல எட்டு, எட்டரைக்கு இங்க வர்றாராம். பெரியப்பாவையும் கூட்டிட்டு. ரொம்பக் கோவமா இருக்காரு. நான் என்ன சொன்னாலும் காதுல வாங்கல."

எல்சா போனைத் தேடி எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள். தேவாலாவில் மழை பிடித்திருக்கவேண்டும். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது போன். மறுபடி கூப்பிட்டாள், அதையே சொன்னது.

அந்த நேரத்தில் ஹாலிலிருந்து மெட்டில்டாவின் குரல் கேட்டது. இத்தனை நாளில் அந்தக் குரல் இவ்வளவு உற்சாகமாக இருந்து எல்சா கேட்டதேயில்லை.

"எல்சா! நாளைக்குக் காலைல கடைசிப் பயிற்சி. கொயரை எத்தனை மணிக்கு வரச் சொல்லட்டும்? நீ சொல்றதுதான்!"

கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்தாள் எல்சா. எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். யூனிஸ் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு மற்றதைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"எட்டு மணிக்கு அத்தை," என்றாள் எல்சா. "எல்லாரும் வந்துருங்க. ஒருத்தர்கூட விடாம வந்துருங்க."